வைஃபை ‘டிசேபிள்டு’ என்று காட்டுகிறதா? ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: சார், எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக ஒரு லேப்டாப் இருக்கிறது. வாங்கும்போது விண்டோஸ் 10, இப்போது 11. போன வாரம் திடீரென்று அதில் வைஃபை வரவில்லை. மொபைலில் அதே வைஃபை நன்றாக வருகிறது. மகள் யாரிடமோ கேட்டு நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தாள். அதில் வைஃபை என்ற படம் சாம்பல் நிறத்தில் ‘டிசேபிள்டு’ என்று கிடக்கிறது. ‘எனேபிள்’ கொடுத்தால் ஏதோ ஓடுகிறது, கடைசியில் பழையபடி டிசேபிள்டு. கடையில் கேட்டால் ஃபார்மட் போட வேண்டும் என்கிறார்கள். மகளின் கல்லூரி புராஜெக்ட் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் அவர்கள் பக்கம் பிரச்சினை இல்லை என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் பெரிய கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகளின் புராஜெக்டுக்கு இந்த நிமிடம் எந்த ஆபத்தும் இல்லை. வைஃபை நின்றுபோனதற்கும் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆபத்து வருவதாக இருந்தால் அது ஃபார்மட் போடும்போதுதான், அதாவது டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடும்போதுதான் வரும். அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு பென்டிரைவை எடுத்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றிலும் இருப்பதைக் காப்பி செய்து வைத்துவிடுங்கள், அதற்கு நெட் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஃபைலுக்குப் பக்கத்தில் சின்ன மேகம் மாதிரி ஒரு அடையாளம் இருந்தால் அந்த ஃபைல் லேப்டாப்பில் இல்லை, ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பில் இருக்கிறது என்று அர்த்தம். அதை நெட் வந்த பிறகுதான் இறக்க முடியும். நெட்டுக்கு வழி கீழே சொல்கிறேன், வைஃபை இல்லாமலேயே வரும்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள வார்த்தை ‘டிசேபிள்டு’தான். மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து அதை அப்படியே எழுதச் சொன்னது பெரிய உதவி. ஏனென்றால் ‘வைஃபை வரவில்லை’ என்று வரும் கடிதங்களில் பாதிக்கு மேல், எது வரவில்லை என்பதே இருக்காது. அந்த நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் வைஃபை மூன்று விதமாகத் தெரியலாம், மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. படம் தெரிகிறது, அதன் மேல் சிவப்பு இன்டு போட்டு ‘நாட் கனெக்டட்’ என்று இருந்தால் வைஃபை கார்டு (லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் சின்னப் பாகம், அடாப்டர் என்றும் சொல்வார்கள்) உயிரோடு இருக்கிறது, எந்த நெட்வொர்க்கோடும் சேரவில்லை, அவ்வளவுதான். ஏரோபிளேன் மோட் ஆனாக இருப்பது, கீபோர்டில் விமானப் படம் போட்ட பட்டனை யாரோ அழுத்திவிட்டது, மோடத்தின் பாஸ்வேர்ட் மாறியது எல்லாம் இந்த வகை. வைஃபை என்ற படமே அந்தப் பக்கத்தில் இல்லை என்றால் விண்டோஸுக்கு அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியவில்லை. டிரைவர் (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் சின்ன சாஃப்ட்வேர்) இல்லாமலிருக்கலாம், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ்) அணைத்திருக்கலாம், கார்டே போயிருக்கலாம். மூன்றாவது உங்களுடையது: படம் இருக்கிறது, சாம்பல் நிறம், டிசேபிள்டு. இதற்கு அர்த்தம், கார்டு இருப்பது விண்டோஸுக்குத் தெரியும், ஆனால் அதை இயக்க வேண்டாம் என்று ஓர் உத்தரவு பதிவாகியிருக்கிறது.

அதனால்தான் ஏரோபிளேன் மோடை நூறு தடவை ஆன் ஆஃப் செய்தாலும் உங்களுக்குப் பயன் இருக்காது. அது வேறு சுவிட்ச். வீட்டில் மின்விசிறி ஓடவில்லை என்றால் ரெகுலேட்டர், சுவர் சுவிட்ச், மெயின் என்று மூன்று இடத்தில் பார்ப்போம் இல்லையா, மெயின் இறங்கிக் கிடக்கும்போது ரெகுலேட்டரைத் திருகி ஆகப்போவது ஒன்றுமில்லை. வைஃபையும் அப்படித்தான் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல சுவிட்ச்களோடு இருக்கிறது. எந்தச் சுவிட்ச் இறங்கியிருக்கிறது என்று திரையே சொல்லிவிடும், படித்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். நான் இதில் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வீட்டுக் கம்ப்யூட்டர்களில் உண்மையான சேதம் முதல் கோளாறால் வருவது குறைவு, பயந்துபோய் அடுத்தடுத்து செய்யும் காரியங்களால் வருவதுதான் அதிகம்.

இந்த டிசேபிள்டு எப்படி வந்திருக்கும்? பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் என்று போனால் வைஃபை பெயருக்கு நேராகவே ‘டிசேபிள்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது, வேறு எதையோ தேடிப் போனவர்கள் கை தவறி அதை அழுத்திவிடுவது உண்டு. விண்டோஸின் டிரபிள்ஷூட்டரை ஓடவிட்டாலும் அது அடாப்டரை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போடும், நடுவில் தொங்கிவிட்டால் அணைந்த நிலையிலேயே நின்றுவிடலாம். வீடியோ பார்த்து ‘அடாப்டரை டிசேபிள் செய்து எனேபிள் செய்யுங்கள்’ என்பதைப் பாதி செய்து விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். மகளிடம் கேட்டுப் பாருங்கள், திட்டாமல் கேளுங்கள், பதில் தெரிந்தால் வேலை எளிது.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனேபிள் கொடுத்தும் அது எனேபிளாகவே இருப்பதில்லை. அதுதான் இங்கே முக்கியமான முடிச்சு.

முதலில் நெட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்வோம், அப்புறம் நிதானமாக வேலை பார்க்கலாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் சொருகுங்கள். போனில் செட்டிங்ஸுக்குள் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்று இருக்கும் பகுதிக்குப் போய் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் லேப்டாப்பில் நெட் வந்துவிடும், லேப்டாப்புக்கு இது லேன் கேபிள் சொருகியது போலத்தான் தெரியும். வந்திருப்பது சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள் என்றால் அந்த ஆப்ஷன் மங்கலாகவே இருக்கும், போனோடு வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாத ஒரு வசதி: போன் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இப்படிச் செய்தால், பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது. மொபைல் டேட்டாவில்தான் செய்ய வேண்டும் என்றால் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று செட்டிங்ஸில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் தன் பாட்டுக்கு இறங்கத் தொடங்கி ஒரு நாளைக்கான 1.5 ஜிபியை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். மகளுக்கு அவசரமாக எதையாவது அனுப்ப வேண்டியிருந்தால் இதிலேயே அனுப்பிவிடட்டும். மோடம் பக்கத்தில் இருந்து, லேப்டாப்பிலும் லேன் துளை இருந்தால், ஒரு லேன் கேபிள் இதைவிடச் சுலபம்.

சரி, இப்போது டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே அது இருக்கிறது. உள்ளே ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதை விரியுங்கள். ஏழெட்டுப் பெயர்கள் இருக்கும், அதில் வயர்லெஸ் என்றோ வைஃபை என்றோ 802.11 என்றோ வரும் பெயர்தான் நமக்கு வேண்டியது. ரியல்டெக், இன்டெல், குவால்காம், மீடியாடெக் இந்த நான்கில் ஒன்று அநேகமாக அதன் முன்னால் இருக்கும். ‘வான் மினிபோர்ட்’ என்று வரிசையாக இருப்பவற்றைத் தொடவே வேண்டாம், அவை விண்டோஸின் சொந்த உபயோகத்துக்கானவை. நம் கார்டின் படத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கிறதா, மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதன் மேல் டபுள் கிளிக் செய்யுங்கள். ‘டிவைஸ் ஸ்டேட்டஸ்’ என்ற பெட்டியில் ஒரு வாக்கியமும் அடைப்புக்குள் ‘கோடு’ என்ற ஆங்கிலச் சொல்லோடு ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். முழு வைத்தியமும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

எண் 22 என்றால், யாரோ அணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான், வேறு கோளாறு இன்னும் தெரியவில்லை. இங்கேயே பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ‘எனேபிள் டிவைஸ்’ கொடுங்கள். நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் எனேபிள் கொடுப்பதும் இதுவும் அடிப்படையில் ஒரே காரியம்தான், ஆனால் அங்கே தோற்றால் ஏன் தோற்றது என்று சொல்லாது, இங்கே சொல்லும். இதற்கு அட்மின் அனுமதி வேண்டும். லேப்டாப்பில் மகளுக்குத் தனி அக்கவுன்ட் போட்டு அது சாதாரண யூசராக இருந்தால், எனேபிள் கொடுத்தாலும் நடக்காது. அட்மின் அக்கவுன்டில் நுழைந்து ஒருமுறை செய்து பாருங்கள், உங்கள் பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துபோகவும் வாய்ப்பிருக்கிறது.

எனேபிள் கொடுத்ததும் 22 போய் 10 என்று மாறினால் கதை வேறு. கார்டை இயக்கிப் பார்த்தது, கிளம்பவில்லை என்று அர்த்தம். 43 என்றால் கார்டே தன்னிடம் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. 28 என்றால் டிரைவர் இல்லை. 45 என்றால் கார்டு இப்போது இணைந்திருக்கவே இல்லை, பழைய பதிவு மட்டும் கிடக்கிறது. இது மெனுவில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ கொடுத்தால்தான் தெரியும். உங்கள் லேப்டாப் எனேபிளை ஏற்பது போல ஏற்றுத் திரும்பவும் சாய்வதால் எனக்கு 10 மேல்தான் சந்தேகம் அதிகம். ஆனால் என் சந்தேகத்தை நம்பி வேலை செய்யாதீர்கள், எண்ணைப் பார்த்துச் செய்யுங்கள்.

10 அல்லது 43 என்று வந்தால் எதற்கும் முன்னால் மின்சாரத்தை முழுதாக எடுத்துப் பாருங்கள். நாம் ஷட்டவுன் கொடுப்பதாலேயே லேப்டாப் முழுதாக அணைந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் டிரைவர்கள் இருந்த நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி ஆன் செய்யும்போது அதையே எடுத்து ஓட்டும். கெட்ட நிலையில் இருந்த டிரைவர் அதே கெட்ட நிலையில்தான் எழுந்து வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் அப்படி இல்லை, புதிதாகவே தொடங்கும், அதனால் முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஷட்டவுன் செய்து, சார்ஜரை எடுத்து, மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி கழற்றக் கூடியதாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். அப்புறம் சார்ஜரைச் சொருகி ஆன் செய்யுங்கள். அணைந்த நிலையிலும் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால், உள்ளே தொங்கிப்போன கார்டு சாதாரண ரீஸ்டார்ட்டில் விடுபடாமல் இருக்கும், இது அதை விடுவிக்கும். கேட்க மந்திரம் போலத் தோன்றும், ஆனால் நிஜமாகவே வேலை செய்யும், இன்டெல் கார்டுகளில் 10 வந்து நான் பார்த்த கேஸ்களில் இதிலேயே சரியானவை பல. செலவும் இல்லை, ஃபைலுக்கும் ஒன்றும் ஆகாது.

அதன் பிறகு டிரைவர். அதே டபுள் கிளிக் செய்த பெட்டியில் ‘டிரைவர்’ என்று ஒரு டேப் இருக்கும். அங்கே டிரைவரின் தேதி இருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பட்டன் அழுத்தும் நிலையில் இருந்தால், சமீபத்தில் டிரைவர் மாறியிருக்கிறது என்று பொருள். போன வாரம்தான் வைஃபை நின்றது என்கிறீர்கள், அப்படியானால் இது நல்ல துப்பு, அழுத்திப் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். பட்டன் மங்கலாக இருந்தால் ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, கம்ப்யூட்டரில் தேடுவதாகச் சொல்லி, ‘லெட் மீ பிக்’ என்று தொடங்கும் வரியை அழுத்தினால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் டிரைவர்களின் பட்டியல் வரும், அதில் பழைய தேதி உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்டேட்டால் கெடுமா என்று சிலர் என்னிடம் வாதாடுவார்கள். கெடும். 2023 டிசம்பரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட்டால் கல்லூரி, அலுவலக வைஃபைகளில் பலருக்கு நெட் நின்றுபோய், மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டு அந்த மாற்றத்தைப் பின்வாங்கியது. வீட்டு வைஃபைகளை அது பெரிதாகப் பாதிக்கவில்லை, இருந்தாலும் ‘அப்டேட் ஆச்சு, அன்றிலிருந்து வரலை’ என்று யாராவது சொன்னால் அதை நான் அலட்சியம் செய்வதில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் ‘அப்டேட் ஹிஸ்டரி’ இருக்கிறது, வைஃபை நின்ற நாளுக்குப் பக்கத்தில் ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய டிரைவரும் உதவவில்லை என்றால் புதிதாகப் போட வேண்டும். லேப்டாப்பைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கரில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கும். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் லேப்டாப்புக்கான டிரைவர்கள் மட்டும் வரும், அதில் நெட்வொர்க் என்ற பிரிவில் வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-க்கு என்று தனியாகக் கொடுக்கவில்லை என்றால் 10-க்கான டிரைவரே பெரும்பாலும் ஓடும். விண்டோஸ் அப்டேட்டுக்குள் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியிலும் டிரைவர் கிடக்கலாம், அங்கேயும் ஒரு கண் போடுங்கள். ‘உங்கள் கம்ப்யூட்டரில் 23 டிரைவர்கள் பழசாகிவிட்டன’ என்று பயமுறுத்தும் டிரைவர் அப்டேட்டர் சாஃப்ட்வேர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். அவற்றால் ஒன்று சரியாகி மூன்று கெட்ட லேப்டாப்களை நிறைய சரி செய்திருக்கிறேன், அதில் போகும் காசும் வீண்.

டிரைவர் கையில் வந்த பிறகு, இந்த வரிசை முக்கியம், கையில் வந்த பிறகுதான், டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுங்கள். அப்போது டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் வரும். முதல் தடவை அதில் டிக் போடாமல் நீக்கிவிட்டு, மேலே மெனுவில் ‘ஆக்‌ஷன்’ என்பதற்குள் ‘ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்’ கொடுங்கள். கார்டு திரும்ப வந்து தானாக ஆனாகிவிட்டால் நல்லது. இல்லையென்றால் இரண்டாம் தடவை டிக் போட்டு நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, இறக்கி வைத்த டிரைவரைப் போடுங்கள்.

இதில் வைஃபை வந்துவிட்டால் ஒரு சின்ன வேலை பாக்கி. அதே பெட்டியில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ டேப் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கார்டை அணைத்துக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் ஒரு வரி டிக் ஆகியிருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப் தூங்கி எழுந்ததும் வைஃபை காணாமல் போவது இதனால் நிறைய நடக்கும்.

வீடியோக்களில் கறுப்புத் திரையைத் திறந்து கமாண்டு அடிக்கச் சொல்வார்கள், வின்சாக் ரீசெட், டிஎன்எஸ் ஃபிளஷ் என்று. உங்களுக்கு அவை வேண்டாம். அவை வைஃபை இணைந்த பிறகும் பக்கம் திறக்காமல் இருக்கும் பிரச்சினைக்கானவை, அணைந்து கிடக்கும் கார்டை அவை தொடுவதே இல்லை. ‘டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்’ என்ற சர்வீஸ் ஓடுகிறதா பார் என்பார்கள். கார்டு எனேபிள் ஆகி, ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கூடத் தெரியவில்லை என்றால் அப்போது பாருங்கள், ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து அது ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறதா என்று.

செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்று ஒன்றும் இருக்கிறது. எல்லா அடாப்டரையும் பிடுங்கித் திரும்ப நடும் வேலை அது. உங்களுக்கு உதவக்கூடியதுதான், ஆனால் சேமித்து வைத்த எல்லா வைஃபை பாஸ்வேர்டும் போய்விடும், மகள் கல்லூரிக்காக விபிஎன் ஏதாவது போட்டிருந்தால் அதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும். வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் நினைவில்லை என்றால் போனில் அந்த வைஃபையின் ‘ஷேர்’ பட்டனை அழுத்துங்கள், கியூஆர் கட்டத்துக்குக் கீழே பாஸ்வேர்டையும் பல போன்கள் எழுத்திலேயே காட்டும். அல்லது யாரும் மாற்றியிருக்கவில்லை என்றால் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டு ரீசெட்டுக்குப் போங்கள், மேலே சொன்னவை எல்லாம் தோற்ற பிறகு.

பயாஸ் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம் என்பேன். வைஃபை படமே காணவில்லை என்றால் மட்டும் அங்கே வயர்லெஸ் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்பியின் அலுவலக மாடல்கள் சிலவற்றில் லேன் கேபிள் சொருகினால் வைஃபையைத் தானாக அணைக்கும் ஒரு செட்டிங் பயாஸிலேயே உண்டு, ஆபீஸில் பயன்படுத்திய பழைய லேப்டாப் வாங்கியவர்கள் இதில் நிறையக் குழம்புவார்கள். பயாஸில் கை வைப்பதாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தே ஆக வேண்டும். விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம், பிட்லாக்கர் என்பார்கள். பயாஸில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிடலாம். அது இல்லாவிட்டால் மகளின் புராஜெக்ட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். லேப்டாப்பில் போட்டிருக்கும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் போன் வழியாக நுழைந்தால் அந்தக் கீ பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுப்பதாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

கடை விஷயத்துக்கு வருகிறேன். ஃபார்மட் போட்டால் சரியாகவே ஆகாது என்று சொல்லவில்லை. டிரைவர்தான் குழம்பியிருக்கிறது என்றால் ஃபார்மட்டிலும் சரியாகும், ஆனால் அதே வேலை டிரைவரை மட்டும் மாற்றினாலும் முடியும். கார்டு போயிருந்தால் பத்து முறை ஃபார்மட் போட்டாலும் வைஃபை வராது, ஃபைல்கள் மட்டும் போயிருக்கும். இரண்டில் எது என்று தெரியாமல் ஃபார்மட் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டிவைஸ் மேனேஜர்ல என்ன கோடு காட்டுது, தம்பி?” எண்ணைச் சொல்லி விளக்கினால் அவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம், நல்ல கைக்காரர். பார்க்கவே இல்லை என்றால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கார்டா, விண்டோஸா என்று பிரித்துச் சொல்ல கடைக்காரரால் சுலபமாக முடியும் ஒரு சோதனை இருக்கிறது. உபுண்டு (விண்டோஸ் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட பென்டிரைவில் லேப்டாப்பைத் தொடங்கி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் ‘டிரை’ என்ற வழியில் நுழைந்து வைஃபை தெரிகிறதா என்று பார்ப்பது. டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது. அங்கே வைஃபை வந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸ் பக்கம்தான் என்று உறுதி. வராவிட்டால் மட்டும் உடனே கார்டின் மேல் பழி போட முடியாது, சில கார்டுகளுக்கு உபுண்டுவில் டிரைவர் இருக்காது. பிட்லாக்கர் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும், கீயை எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கார்டே போயிருந்தாலும் கலங்க வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்களில் அது விரலளவுகூட இல்லாத ஒரு தனிச் சில்லு, ஒரு ஸ்குரூ, இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர், கழற்றி மாற்றிவிடலாம். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த மாடல்களும் உண்டு, அதில் மாற்ற முடியாது. எதுவாக இருந்தாலும் யுஎஸ்பியில் சொருகும் வைஃபை டாங்கிள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, சொருகினால் பழைய கார்டைப் பற்றிக் கவலையே இல்லாமல் நெட் வந்துவிடும். வாங்கும்போது ‘டூயல் பேண்ட்’ என்று கேட்டு வாங்குங்கள். மிக மலிவாகக் கிடைப்பவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் எடுக்கும், உங்கள் மோடம் 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு பெயர், 2.4-இல் ஒரு பெயர் என்று இரண்டு வைஃபை விட்டால் அதில் ஒன்று அந்த டாங்கிளுக்குத் தெரியவே தெரியாது, அப்புறம் டாங்கிளும் கெட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். தெரிந்தவர் யாரிடமாவது டாங்கிள் இருந்தால் ஒரு நாள் வாங்கிச் சொருகிப் பாருங்கள், அதில் நெட் வந்தால் விண்டோஸில் மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும், கடைக்காரரிடம் பேசும்போது அது உங்கள் கையில் இருக்கும் பலம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள், செய்ததை மகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நான்கை ஒரேயடியாகச் செய்து வைஃபை வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்பவும் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் பிறகும் வைஃபை வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். எனேபிள் கொடுப்பதற்கு முன்னால் இருந்த கோடு எண், கொடுத்த பிறகு வந்த கோடு எண், கார்டின் முழுப் பெயர், டிரைவர் டேபில் இருக்கும் தேதி, இந்த நான்கும் வேண்டும். திரையை அப்படியே போனில் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் வைஃபை பாஸ்வேர்டையும் மட்டும் அனுப்ப வேண்டாம், அவை எனக்குத் தேவைப்படாது.